சகலைக்கு விசில் நின்றுபோனது

மாட்டுப் பொங்கல் அன்று, மாமியார் வீட்டில், என் சகலை குமரவேல் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினார். மொத்தம் பதினெட்டுப் படிகள். நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தேன். மெல்லுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

அவர் இறங்கி வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வசந்தி, ஒரு சொம்பு தண்ணி குடு, அப்டியே அந்த ஃபேனைப் போடு" என்றார். நடுவில் எங்கும் நிற்காமல், ஒரே மூச்சில்.

நான் எதிர்பார்த்த சத்தம் வரவேயில்லை.

அந்தச் சத்தம் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். குமரவேல் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது கூடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். நெஞ்சுக்குள் ஒரு பஸ் கண்டக்டர் குடியிருந்து மெல்லிசாக விசில் ஊதுவது போல இருக்கும். அவர் பேசும் வாக்கியங்களும் டவுன் பஸ் மாதிரிதான். இரண்டு இடத்திலாவது நின்று ஆள் ஏற்றிக்கொண்டுதான் கிளம்பும். இப்போது கண்டக்டரைக் காணோம். வண்டி எங்கும் நிற்காமல் போகிறது.

"இன்னா மாமா, வட வாயிலயே நிக்குது? உப்பு ஜாஸ்தியா?" என்றாள் வசந்தி. என் மனைவி மல்லிகாவின் தங்கை அவள், குமரவேலின் மனைவி.

"வடை நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

என்னைவிட மோசமான ஒருவர்

எனக்கும் ஆஸ்துமா உண்டு. போன வாரம் இந்தப் பத்தியில் கரையான் தின்ற அலமாரியைப் பற்றி எழுதியபோது போகிற போக்கில் என் இருமலைக் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு இரண்டு வாசகர்கள் ஆடாதோடைக் கஷாயத்தின் செய்முறையை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு செய்முறைகளும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. இருவருக்கும் நன்றி.

உத்திரமேரூரில் நூலகர் வேலை. பழைய புத்தகத்தின் தூசு அறிவை வளர்க்கிறதோ இல்லையோ, சளியை வளர்க்கிறது. குமரவேலுக்கு வாலாஜாபாத்தில் ஒரு அரிசி ஆலையில் மேற்பார்வை. உமியும் தவிடும் காற்றிலேயே கலந்திருக்கும் இடம். தூசுக்குத் தூசு என்று எடை போட்டால் என்னுடையது அவருடையதில் கால்வாசிகூட இராது.

அதுதான் என் ஆறுதலாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒரு நோய் இருக்கிறவனுக்கு, அதே நோய் தன்னைவிட மோசமாக இருக்கிற ஒருவர், அதுவும் சொந்தத்திலேயே, அதுவும் சகலையாகவே வாய்ப்பது சாதாரணக் கொடுப்பினை இல்லை. எனக்கு மூச்சு முட்டும் நாளில் மல்லிகா பயந்து போனால், "இதெல்லாம் ஒண்ணுமில்ல, குமரவேலைப் பாரு" என்பேன். அவர்தான் என் அளவுகோல். அவர் இருமும்வரை நான் ஆரோக்கியமானவன்.

அந்த அளவுகோல் இப்போது அரிசி மூட்டையோடு மாடியேறுகிறது.

அத்தை வீட்டுத் தோள்

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். காவாந்தண்டலத்தில் சொந்த வீடு, கொஞ்சம் நிலம், இரண்டு பெண்கள். மகன் கிடையாது. இந்தக் கடைசி விவரம்தான் கதைக்கு முக்கியம்.

ஆடியில் அத்தை தெரு அம்மனுக்குக் கூழ் வார்ப்பார்கள். அன்று மாலை அம்மன் தோளில் புறப்படுவாள். அம்மனைச் சுமக்கும் நீண்ட மரத்தடிக்கு வாரை என்று பெயர். வாரைக்கு எட்டுத் தோள், எட்டு வீட்டுத் தோள். வீட்டுக்கு ஒன்று. அதில் இரண்டு கண்டிப்பு உண்டு. புறப்பட்ட சாமி கோயில் திரும்பும்வரை தரையில் இறங்கக் கூடாது. தோள் மாற்ற வேண்டுமென்றால் அதே வீட்டு ஆள்தான் மாற்ற வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் ஆசைப்பட்டாலும் கை வைக்க முடியாது.

மகன் இல்லாத வீட்டுக்கு மூத்த மருமகன் தோள். மாமனார் போனதிலிருந்து நான்தான். ஆண்டு முழுவதும் புத்தகத்துக்கு அட்டை போடுகிற ஒருவனை, வருடத்தில் ஒரு மாலை மட்டும் ஊரே பார்த்து, "பெரிய மாப்ள வந்துட்டாரா? தூக்கலாமா?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகவே நான் ஆடி மாதத்தை நாள்காட்டியில் தேடுகிறவன்.

அன்று சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபோது அத்தை மெதுவாக ஆரம்பித்தார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. போன ஆடில ரேசன் கடையாண்டயே உங்களுக்கு மூச்சு வாங்கிடிச்சி."

"அது முள்ளு குத்திச்சு அத்தை."

"முள்ளு கால்ல தானே குத்தும்? நீங்க நெஞ்சைப் புடிச்சிக்கினு இருந்தீங்களே."

மல்லிகா சிரிப்பை அடக்க வெற்றிலையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"சின்ன மாப்ள இப்ப நல்லா கீறாரு. ஒடம்பு சரியில்லன்னா இந்த வருசம் அவரு நிக்கட்டுமே. ஒரே வூட்டுத் தோளு தானே?"

குமரவேல் பதறிப்போனார். "ஐயோ அத்த, அண்ணா கீறப்போ நான் எப்டி?" என்றார். அந்தப் பணிவுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆசைப்பட்டுத் தொலைத்தாலாவது திட்டியிருக்கலாம்.

செங்கல் நிறப் பம்பு

விசில் எப்படி நின்றது என்பதை நான் நேரடியாகக் கேட்கவில்லை. கேட்டால் அக்கறை தெரிந்துவிடும். மல்லிகாவை விட்டு வசந்தியிடம் கேட்கச் சொன்னேன்.

"நீங்களே கேளுங்களேன்" என்றாள் மல்லிகா. " அவரு போன வருசமே உங்களாண்ட சொன்னாரு. நீங்கதான் ஸ்டீராய்டு, கீராய்டுன்னு அரை மணி நேரம் பேசினு இருந்தீங்க."

உண்மைதான். குமரவேல் உத்திரமேரூர் பஜாரில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டி, தினமும் போடுகிற இன்ஹேலருக்கு மாறியிருந்தார். "நீங்களும் வாங்க ண்ணா" என்று அப்போதே கூப்பிட்டார். நான் படித்தவன் அல்லவா? ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும், பம்பு பழக்கமாகிவிடும், அது கடைசிக் கட்டத்து ஆட்களுக்கானது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஆதாரம், நூலகத்துக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர்.

என்னிடம் நீல பம்பு மட்டும் இருந்தது. முட்டும்போது அடித்தால் இரண்டு நிமிடத்தில் திறக்கும். அதையும் ஆன்மிகப் புத்தக அலமாரிக்குப் பின்னால் போய்த்தான் அடிப்பேன். அங்கே ஆள் வருவது குறைவு.

தை முடிவதற்குள் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மூச்சு அல்ல, பொறாமை. மருத்துவத்துறை இதை முறையாகப் பயன்படுத்திக்கொண்டால் எத்தனையோ பேர் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போவார்கள்.

"நீலம் வாரத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார் டாக்டர்.

"எப்பவாவது."

"இந்த வாரம்?"

"தினமும்."

அவர் செங்கல் நிறத்தில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். இதில் உள்ள ஸ்டீராய்டு கொஞ்சம்தான், நேரே நுரையீரலுக்குப் போகும், மாத்திரை போல உடம்பெல்லாம் சுற்றாது என்றார். காலை இரண்டு, இரவு இரண்டு. குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, கண்ணாடிப் புட்டி மாதிரி ஒரு குடுவை வழியாக மெல்ல இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும்.

"போட்டவுடனே ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு வாரம் ஆகும். தெரியலைன்னு நிறுத்திடாதீங்க."

டெங்கு காலத்தில் வீடு வீடாக வந்து தொட்டியில் மருந்து ஊற்றிவிட்டுப் போகிறவரை யாராவது நின்று வணங்கியதுண்டா? செங்கல் நிறப் பம்பு அந்த ஜாதி. வீட்டில் காய்ச்சல் வராமல் போனது அவரால்தான் என்பது யாருக்கும் உறைக்காது. எனக்கும் ஒரு வாரம் எதுவும் உறைக்கவில்லை. மூன்றாம் வாரம் ஒரு காலை, பஸ்ஸைப் பிடிக்க ஓடி, பிடித்து, ஏறி, டிக்கெட்டும் கேட்டுவிட்ட பிறகுதான் நான் ஓடினேன் என்பதே நினைவுக்கு வந்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலையில்லை.

நானூற்றுப் பத்து

டாக்டரிடம் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. பக்கத்தில் எண்கள், அதன்மேல் ஒரு சிவப்பு முள். மூச்சை நிறைய இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் ஊதினால் முள் ஓடி ஓர் எண்ணில் நிற்கும். முதல் நாள் என் எண் இருநூற்று அறுபது. அடுத்த மாதம் முன்னூறு.

வெளியே வந்தால் பெஞ்சில் குமரவேல்.

"எவ்ளோ ண்ணா?"

"முன்னூறு."

"சூப்பர் ண்ணா! எனுக்குப் போன தபா நானூத்திப் பத்து. இன்னிக்கி இன்னான்னு தெர்ல."

அவர் மனசில் கபடம் இல்லை. அவர் தன் எண்ணைச் சொன்னார், அவ்வளவுதான். எனக்கோ பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று அடுத்த வீட்டுப் பையன் இனிப்போடு வந்து நின்றது போல இருந்தது.

திரும்ப உள்ளே போய் டாக்டரிடம் கேட்டேன், நானூற்றுப் பத்துக்கு இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று.

"சார், அடுத்தவங்க நம்பரோட ஒப்பிடக் கூடாது. இது உயரம், வயசுக்கெல்லாம் மாறும். அவர் உங்களைவிட உயரம்."

அதையும் சொல்லிக்காட்ட வேண்டுமா?

கரும்புச் சக்கை

அதே மாதிரிக் குழாய் ஒன்றை வீட்டுக்கு வாங்கிவந்தேன். காலையும் மாலையும் கண்ணாடி முன் நின்று ஊதினேன். முன்னூறு, முன்னூற்றுப் பத்து. ஒரு நாள் எரிச்சலில், கரும்புச் சக்கையைத் துப்புவது போல, நாக்கை முன்னால் வைத்துக் கன்னத்தால் 'த்தூ' என்று ஊதினேன். முள் தாவிப்போய் நானூற்று முப்பதில் நின்றது.

இன்னொரு தடவை ஊதிப் பார்த்தேன். நானூற்று நாற்பது.

நுரையீரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். அது நாக்கின் வேலை. ஆனால் குழாய்க்கு அது தெரியாது.

"இன்னாங்க, யாரு மேல துப்பிக்கினு கீறீங்க?" என்றாள் மல்லிகா, வாசலில் நின்று.

"பயிற்சி."

"கண்ணாடியெல்லாம் எச்சி. நீங்களே தொடைங்க."

பங்குனியில் டாக்டர் முன்னால் கரும்புச் சக்கையைத் துப்பினேன். முதல் தடவையே நானூற்று முப்பது. அவர் புருவத்தைத் தூக்கி, "கன்னத்தால ஊதாதீங்க சார்" என்று இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதற்குள் நான் கை தேர்ந்திருந்தேன்; கன்னம் அசையாமல் நாக்கால் மட்டும் ஊதினேன். நானூற்று இருபத்தைந்து. இரவில் எழுந்திருக்கிறீர்களா? இல்லை. நீலம் தேவைப்பட்டதா? இல்லவே இல்லை. ஒரு பொய்யை எண்ணாகச் சொன்னவனுக்கு, மீதியை எழுத்தாகச் சொல்வது சுலபம்.

டாக்டர் எண்ணைக் குறித்துக் கொடுத்த அட்டையை அத்தையிடம் காட்டினேன். அவருக்கு எண் புரியவில்லை; ஆனால் சின்ன மாப்பிள்ளையுடையதைவிடப் பெரிது என்பது புரிந்தது. "அப்போ நீங்களே நில்லுங்க மாப்ள" என்றார். தோள் திரும்பக் கிடைத்தது.

வைகாசியில் டாக்டர் என் அட்டையைப் புரட்டி மகிழ்ந்து போனார். மூன்று மாதமாக இவ்வளவு நன்றாக இருப்பதால் மருந்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்றார். காலை ஒன்று, இரவு ஒன்று.

இங்கே எந்த மனிதனும் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்திருப்பான். என் மனதில் ஓடியது வேறு: குமரவேலுக்கு இன்னும் இரண்டு இரண்டு, எனக்கு ஒன்று ஒன்று. ஜெயித்துவிட்டேன்.

ஆனியில் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு. அலமாரியில் உள்ள ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, தட்டி, எண் பார்த்து வைக்க வேண்டும். பத்தாம் நாள் ஆன்மிக அலமாரிக்குப் பின்னால் மறுபடி போக ஆரம்பித்தேன். டாக்டரிடம் போய்ச் சொல்லலாம். சொன்னால் குழாயை நீட்டுவார். கரும்புச் சக்கைக்கும் ஒரு குறைந்தபட்ச மூச்சு வேண்டும். அதுவே இல்லை.

வாரைக்குக் கீழே

ஆடிக் கூழ் அன்று மாலை நாலரைக்கு அம்மன் புறப்பட்டாள்.

"பெரிய மாப்ள வந்துட்டாரா? தூக்கலாமா?"

தூக்கினோம். வலது வரிசையில் மூன்றாவது தோள் நான். மேளம், சாம்பிராணி, தேங்காய் மேல் எரியும் கற்பூரம். தெருமுனையில் யாரோ வேண்டுதலுக்கு ஆயிரம் வாலா சரவெடியைக் கொளுத்தினார்கள். புகை பந்தல் போல இறங்கியது.

ரேசன் கடைக்கு முன்னாலேயே எனக்கு வழி அடைத்தது. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. கண்ணுக்குள் வெள்ளைப் பூச்சி பறந்தது. தோளில் அம்மன். நான் சரிந்தால் வாரை சரியும். வாரை சரிந்தால் சாமி தரையில் இறங்கும். அத்தை வீட்டுத் தோளால் இறங்கியது என்று அந்தத் தெரு தலைமுறைக்கும் சொல்லும்.

மாற்ற அதே வீட்டு ஆள் வேண்டும். அந்த வீட்டில் இன்னும் ஒரே ஓர் ஆள்தான்.

தை மாதத்திலிருந்து அவரைக் கூப்பிடக் கூடாது என்பதற்காகவே வாழ்ந்திருக்கிறேன். இப்போது வாயைத் திறந்தேன். பெயரைச் சொல்ல மூச்சில்லை.

"நவுரு ண்ணா."

காதுக்குப் பக்கத்தில் குரல் கேட்டது. குமரவேல் என் கைக்குக் கீழே நுழைந்து வாரையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். அம்மன் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. ஒரு கையால் இடுப்பு மடியிலிருந்து நீல பம்பை எடுத்து மல்லிகாவிடம் எறிந்தார்.

"அண்ணி, குடுவ பையில கீதா? குந்த வெச்சி ஒண்ணொண்ணா குடுங்க. படுக்க வெக்காதீங்க!"

ரேசன் கடைப் படியில் உட்கார்ந்து இழுத்தேன். குடுவையில் ஒவ்வொரு அடியாக மல்லிகா அழுத்தினாள். பம்பின் முதுகில் மீதி எத்தனை என்று காட்டும் எண் இருக்கும். உயிர் போய் வருகிற நேரத்திலும் என் கண் அதற்குத்தான் போனது. நூற்றுத் தொண்ணூற்று நான்கு. நான் இழுத்த நான்கைக் கூட்டினால் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வாங்கிய அன்று வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை காற்றில் அடித்துப் பார்த்ததைத் தவிர, மனிதர் அதைத் தொடவே இல்லை.

அந்த மாதத்தில் நான் ஒன்றைக் காலி செய்திருந்தேன்.

கேட்டவர்

அம்மன் கோயில் திரும்பிய பிறகு குமரவேல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் சிவந்திருந்தது. மூச்சு சீராக வந்துபோனது. தம்ளரில் எனக்குச் சுக்குக் காபி, குடித்தேன்.

"எப்டிப்பா தெரிஞ்சுது? மேளச் சத்தத்துல எனக்கே எதுவும் கேக்கல."

"கோயில்ல தூக்கனப்பவே விசிலு வந்துக்கினு இருந்திச்சி ண்ணா. நான் உன் பக்கத்துலயேதான் நடந்து வந்தேன். நமக்குத் தெரியாதா அந்த சவுண்டு?" பதற்றத்தில் 'நீங்கள்' 'நீ'யாகியிருந்ததை இருவரும் கண்டுகொள்ளவில்லை.

தை மாதத்தில் நானும் அவர் நெஞ்சுக்குக் காது கொடுத்தேன், விசில் வர வேண்டும் என்று. ஆடியில் அவரும் என் நெஞ்சுக்குக் காது கொடுத்திருக்கிறார். இதிலும் மனிதர் என்னை முந்திவிட்டார்.

குழாய் விஷயத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும், கரும்புச் சக்கை உட்பட. அவர் ரொம்ப நேரம் சிரித்தார். விசில் இல்லாமல் சிரித்தார்.

அத்தை தீர்ப்புச் சொன்னார்: "அடுத்த வருசம் ரெண்டு பேரும் நில்லுங்க. கோயில்லேர்ந்து ரேசன் கடை வரிக்கும் பெரியவரு, அப்பறம் சின்னவரு." ரேசன் கடைவரை என்பது மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று சுட்டிக்காட்டினேன். அத்தை என் தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

மறுபடியும் குழாய்

மறுநாள் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, பழைய அட்டையை இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். அது திட்டைவிட மோசம். ஐந்து நாளைக்கு மாத்திரை, பிறகு காலை இரண்டு, இரவு இரண்டு. சரிபார்ப்பு நாட்களில் முகக்கவசம். மாதா மாதம் நேர்மையாக ஊத வேண்டும்.

இப்போதெல்லாம் இரவு பல் தேய்ப்பதற்கு முன் பம்பு. பத்து எண்ணி அடக்கி, விட்டு, கொப்பளித்துத் துப்புகிறேன். மல்லிகா கதவருகே நின்று விரல் விட்டு எண்ணுகிறாள், என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

போன வாரம் மாதாந்திரச் சோதனை. நாக்கை மடக்கி வைத்துக்கொண்டு ஊதினேன். முன்னூற்று இருபது. என் வாழ்நாளின் மிக உயர்ந்த, சொந்த மூச்சில் வந்த எண். எனக்கு முன்னால் ஊதிவிட்டுப் போன குமரவேலின் அட்டை மேஜையிலேயே கிடந்தது. தலைகீழாகத்தான் கிடந்தது, நூலகரால் தலைகீழாகவும் படிக்க முடியும்.

முன்னூற்றுத் தொண்ணூறு. இருபது குறைந்திருந்தது. கீழே டாக்டர் எழுதியிருந்தார்: லேசான ஜலதோஷம், கவலையில்லை.

என் நெஞ்சு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரிந்தன.

"இப்ப எப்படி சார் இருக்கு? மறைக்காம சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"மூச்சு நல்லா வருதுங்க" என்றேன். சத்தியமாக வந்தது.